துரை வரிசை

மலாயாவில் யோங் பெங் ஊரிலிருந்து எட்டாவது மைல்கல்லில் இருந்ததால் அந்த ரப்பர்த் தோட்டத்துக்கு எட்டாங்கட்டைத் தோட்டம் என்று பெயர். கம்பெனி வைத்த வெள்ளைக்காரப் பெயர் வாசல் பலகையில் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் தோட்டம் முழுக்கத் தேடினாலும் ஐந்து பேர் தேறமாட்டார்கள். அப்படிப்பட்ட தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், அடைமழைக்கு இரண்டு மாதம் இருக்கையில், விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடித்ததும் ஆபீசுக் குமாஸ்தாவான வைத்தியலிங்கம் கிராணி ஓர் அறிவிப்புச் செய்தார். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடக் கொட்டகையில் இங்கிலீஷ் பேச்சு வகுப்பு நடக்கும். பெண்களும் வரலாம்.

ஆள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆள்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாத ஆபீசு, கேட்காமலே இங்கிலீஷ் கொடுக்கிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

இருந்தது. சீமையிலிருந்து துரைசாணி கைக்குழந்தையோடு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சாயங்காலங்களில் தொப்பி போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்து வருவாள். பெண்களைப் பார்த்துச் சிரித்து என்னவோ கேட்பாள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். இவர்கள் இரண்டு வார்த்தையாவது பேசக் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்குமே என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். சிங்கப்பூரிலிருந்து கம்பெனியின் பெரிய துரை வேறு கிறிஸ்துமசுக்கு முன் வருவதாக இருந்தார். அவருக்கும் காட்டினமாதிரி இருக்கும் என்று தோட்டத்துத் துரை கிராணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான்.

பேச்சியம்மாள் பால் வெட்டும் உளியும் வாளியுமாக மூன்றாவது வரிசையில் நின்று இதைக் கேட்டாள். பக்கத்தில் நின்ற வெள்ளையம்மா அவள் விலாவில் இடித்துச் சிரித்தாள். பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நினைத்துக்கொண்டிருந்தது வேறு.

அந்தத் தோட்டத்தில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஸ்டோரில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். கைப்பிள்ளைக்காரிகள் மட்டும் உளியை மரத்தடியில் வைத்துவிட்டு, பிள்ளைகளை விட்டுவைக்கும் ஆயாக் கொட்டகைக்கு ஓடி, பிள்ளைக்குப் பால் கொடுத்துத் திரும்பி வந்து, விட்ட மரத்திலிருந்து வெட்டுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்தியலிங்கம் தலைமைக் கிராணி ஆனார். ஆனதும் செய்த முதல் வேலை அந்த மணியை நிறுத்தியதுதான். வெயில் ஏறினால் மரம் சுரக்காதாம், பெண்கள் ஓடி ஓடி வருவதில் நிரை நிரையாக மரம் பாக்கி நிற்கிறதாம்.

அன்றிலிருந்து, விடியற்காலை நாலரைக்குக் கொடுத்ததுதான் பிள்ளைக்கு. அப்புறம் முந்நூறு மரம் வெட்டி, மரத்தில் கட்டிய மங்குகளில் வடிந்த ரப்பர்ப் பாலை வழித்து வாளியில் சேர்த்து, காவடி கட்டித் தூக்கி வந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு மணிக்கு எடுத்தால்தான் அடுத்தது. நடுவில் பசித்துக் கத்துகிற பிள்ளைகளுக்குக் கொட்டகை ஆயா கிருஷ்ணம்மா டின் பாலைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பதினாலு பிள்ளைக்கு ஒரு டின்னைக் கொடுத்தால் யார்தான் என்ன செய்வார்கள். பேச்சியம்மாளின் மூத்தவள் செல்வராணி ஏழாம் மாதத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்தே வயிற்றால் போய்ச் செத்தாள். இப்போது நாலு மாதத்தில் மூர்த்தி இருந்தான். அவனுக்கும் தொடை சுருங்கி, குண்டியில் தோல் தொங்க ஆரம்பித்திருந்தது. அது எங்கே போய் முடியும் என்று பேச்சியம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தடவை நாலு பிள்ளைக்காரிகளைச் சேர்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போயிருந்தாள். அவள் சொன்னதைக் கிராணி இங்கிலீஷில் துரைக்குச் சொன்னார். இவள் சொன்னதைவிட அவர் சொன்னது நீளமாக இருந்தது. துரை கேட்டுவிட்டு, பெண்களைப் பார்த்துச் சிரித்து, "குட், குட்" என்று தலையாட்டினான். கிராணி திரும்பி, துரை ஏலாதென்று சொல்லிவிட்டார், போங்கள் என்றார். பேச்சியம்மாளுக்கு அந்தக் 'குட்' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முடியாது என்கிறவன் எதற்காக அப்படிச் சிரிக்கிறான்?

சரி, கிராணி வேண்டாம், நாமே சொல்லுவோம் என்று ஒரு நாள் மரத்தடியிலேயே துரையை மறித்தாள். துரைக்குத் தமிழ் தெரியும் என்று பெயர். தோட்டத்துத் துரைமார் பரீட்சை கொடுப்பதற்காகப் படிக்கிற தமிழ் அது. வா, போ, சீக்கிரம், மரத்தைப் பார், வாளியைக் கழுவு. பேச்சியம்மாள் அழுகையும் ஆத்திரமுமாகப் பத்து வாக்கியம் பேசினாள். துரை முழித்தான். புத்தகத்தில் தேடினான் போலிருக்கிறது. கடைசியில், "பேசாதே" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு அவன் கையில் வேறு வாக்கியம் இல்லை, அவ்வளவுதான். ஆள் பேசுவதற்கு அவன் படித்த தமிழில் இடமே வைக்கவில்லை.

ஆகவே வகுப்புக்குப் போவது என்று பேச்சியம்மாள் முடிவு செய்தாள்.

மத்தியானம் அவித்த மரவள்ளிக் கிழங்கையும் நெத்திலிச் சம்பலையும் வைத்துக்கொண்டு புருஷன் அர்ச்சுனனிடம் விஷயத்தைச் சொன்னாள். அர்ச்சுனன் புல்வெட்டுக் கும்பலில் வேலை. நல்லவன், ஆனால் வேலை வாங்கும் மண்டோரின் நிழல் விழுந்தாலே குனிந்து நிற்கிற ஆள். கிழங்கை வாயில் வைத்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

"என்னாத்துக்குப் புள்ள ஒனக்கு இங்கிலீசு?"

"தொரைகிட்டப் பேச."

"பேசி?"

"ஒம்போது மணி மணிய திரும்ப அடிக்கச் சொல்ல."

"கிராணி சும்மா இருப்பாரா? நாளைக்கே பேர வெட்டிப்புடுவாரு. லயத்துல சட்டி பானைய தூக்கி வெளிய வச்சா எங்க போவ நீ? மலாய்க்காரன் இருக்குற கம்பத்து ஊருல போயி நிப்பியா?"

"ஒரு புள்ளைய பொதச்ச எடத்துல புல்லு மொளச்சிப் போச்சு. நீதான வெட்டுற அங்க. இன்னொண்ணையும் பொதச்சிப்புட்டு அந்தப் புல்லையும் வெட்டு."

அர்ச்சுனன் கிழங்கை முழுசாகத் தின்னவில்லை.

வகுப்பு நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். வைத்தியலிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக் கால்சட்டை, கோட்டுப் பையில் சங்கிலிக் கடிகாரம், நெற்றியில் கீற்றாகத் திருநீறு. இருபது வருஷமாகத் துரைமாருக்குப் பதில் சொல்லியே மேலே வந்தவர். அவர் கொட்டகையில் இரண்டு வரிசை போட்டார். கரும்பலகைப் பக்கம் ஆள் வரிசை. அதில் பங்களாச் சமையல்காரர் ஐயாசாமி, பங்களாவில் துரை பிள்ளையைப் பார்க்கிற தனலெட்சுமி, ஆபீஸ் பியூன், இப்படிப் பெரிய துரை வரும்போது முன்னால் நிறுத்துவதற்கு லாயக்கானவர்கள். வாசல் பக்கம் துரை வரிசை. தோட்டக்காரன், காவல்காரன், வண்டியோட்டி என்று மிச்சமெல்லாம் அங்கே. துரை வரிசை கேள்வி கேட்க வேண்டும், ஆள் வரிசை பதில் சொல்ல வேண்டும். அசல் நாளில் கேள்வி கேட்க அசல் துரையே வந்துவிடுவார். ஆகவே வாசல் வரிசையில் யார் இருந்தால் என்ன, சத்தம் வந்தால் சரி என்பது கிராணியின் யோசனை.

பேச்சியம்மாள் ஞாயிற்றுக்கிழமையும் விறகு, தண்ணீர், துணி என்று முடித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது நேரம் ஆகியிருக்கும். முதல் நாள் அவளைக் கண்டதும் கிராணியின் முகம் சுருங்கியது. ஆபீசுக்கு வந்து நின்றவள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் பெண்களும் வேண்டும் என்று துரைசாணி சொல்லியிருந்தாள்.

"பிந்தி வந்தால் அங்கால இரு. பிள்ளை கத்தினால் வெளியால கொண்டு போ. விளங்குதோ?" என்றார்.

அங்கே என்றால் வாசலோரம், துரை வரிசையின் கடைசி. பதினோரு ஞாயிற்றுக்கிழமையும் பேச்சியம்மாள் அங்கேயே உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேள்விகளைக் கத்தினாள். வாட் இஸ் யுவர் நேம்? உன் பெயர் என்ன. ஹவ் மெனி சில்ரன் ஹேவ் யூ? உனக்கு எத்தனை பிள்ளை. வேர் இஸ் தி சைல்ட்? பிள்ளை எங்கே. வாட் டைம் இஸ் இட்? மணி என்ன. எதிர் வரிசை எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னது. எந்தப் பதிலானாலும் கடைசியில் சார் வரும், மேடம் வரும், தேங்க் யூ வரும்.

துரைசாணி தன் பிள்ளையைப் பற்றித் தனலெட்சுமியிடம் கேட்பாள் என்று ஏழாவது வாரம் அதற்கும் பாடம் வந்தது. வாட் டைம் டஸ் தி சைல்ட் டேக் மில்க்? பிள்ளை எத்தனை மணிக்குப் பால் குடிக்கும். கிராணி பிரம்பால் மேசையில் தாளம் தட்டியபடி பதிலைச் சொல்லிக் கொடுத்தார். அட் நைன் ஓ கிளாக், மேடம். ஒன்பது மணிக்கு அம்மா. ஆள் வரிசை ஏழு தடவை சொன்னது. வடிவாகச் சொல்லுங்கோ, ஒன்பது மணி தவறினால் பிள்ளைக்குக் கூடாது என்று விளக்கம் வேறு கொடுத்தார்.

பேச்சியம்மாளுக்குக் காதில் ரத்தம் ஏறியது. அந்த வாயா சொல்கிறது இதை. மணியை நிறுத்திய வாய். பிரம்பைப் பிடுங்கி அந்த மேசையிலேயே அவர் கையை வைத்து இழுத்தால் என்ன என்று தோன்றியது. மடியில் மூர்த்தி சிணுங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு கேள்வியை மறுபடி கேட்டாள். வாட் டைம் டஸ் தி சைல்ட் டேக் மில்க்? அன்றைக்குத் துரை வரிசையில் அவள் குரல்தான் ஓங்கி நின்றது. உச்சரிப்பு பரவாயில்லை என்று கிராணியே சொன்னார்.

வகுப்பு விட்டதும் ஐயாசாமியைப் பிடித்தாள்.

"அண்ணே, இல்லன்னு சொல்றதுக்கு இங்கிலீசுல என்னாண்ணே?"

ஐயாசாமி சிங்கப்பூரில் மூன்று துரைமாரிடம் சமைத்தவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நோ. அம்புட்டுத்தான். சின்ன வார்த்த."

"அத ஏண்ணே கிராணி சொல்லித் தரல?"

"நானே இருவத்திரெண்டு வருசத்துல ஒரு தடவகூட சொன்னதில்ல தங்கச்சி. நீயும் சொல்லிக்கிட்டுத் திரியாத."

பெரிய துரை வந்தது ஒரு சனிக்கிழமை. காலையில் தூறல் போட்டு மரப்பட்டையெல்லாம் ஈரமாகிவிட்டதால் வெட்டு இல்லை. எல்லோரும் வெளுத்த துணி உடுத்திக் கொட்டகைக்கு வந்தார்கள். ஆள் வரிசையை முன்னால் நிறுத்திவிட்டு, துரை வரிசையை இன்றைக்கு வேலையில்லை, பின்னால் போய் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள் என்று கிராணி தள்ளிவிட்டார். பேச்சியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் தூணோரம் நின்றாள்.

பெரிய துரை கேட்டார், ஆள் வரிசை சொன்னது. ஐயாசாமி நலமாக இருக்கிறேன் சார் என்றார். பியூன் நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறோம் சார் என்றான். பெரிய துரை கிராணியின் தோளைத் தட்டினார். துரைசாணி மட்டும் வரிசையைத் தாண்டி நேராகப் பின்னால் வந்தாள். அவள் கண்ணுக்குப் பட்டது பேச்சியம்மாள் இடுப்பிலிருந்த பிள்ளை. குனிந்து அதன் விரலைத் தொட்டு, "ஹவ் ஆர் யூ?" என்றாள்.

அதற்குப் பதில் ஆள் வரிசைக்குத்தான் தெரியும். பேச்சியம்மாள் ஒரு நாளும் அந்தப் பக்கம் நின்றவள் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கேள்வி. கை கட்டத் தெரியவில்லை, குனியத் தெரியவில்லை. பதினோரு வாரம் பழகின குரலிலேயே, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, "ஹவ் மெனி சில்ரன் ஹேவ் யூ?" என்றாள்.

கிராணி அங்கிருந்து நிறுத்து என்று கையைக் காட்டினார். துரைசாணி சிரித்தபடி ஒன்று என்று விரலைக் காட்டிச் சொன்னாள்.

"வேர் இஸ் தி சைல்ட்?"

வீட்டில், தூங்குகிறான் என்று துரைசாணி கன்னத்தில் கை வைத்துக் காட்டினாள்.

"வாட் டைம் டஸ் தி சைல்ட் டேக் மில்க்?"

ஆறு மணிக்கு, ஒன்பது மணிக்கு, பிறகு பன்னிரண்டுக்கு என்றாள் துரைசாணி. நைன் ஓ கிளாக் என்பது வந்ததும் பேச்சியம்மாள் மூர்த்தியின் சட்டையைத் தூக்கினாள். விலா எலும்பு வரிசையாகத் தெரிந்தது.

"மை சைல்ட்," என்றாள். "நைன் ஓ கிளாக், மில்க், நோ."

அப்புறம் ஒரு விரலை நீட்டிக் கொட்டகைக்கு வெளியே, புல் வெட்டின மேட்டைக் காட்டினாள். "ஒன் சைல்ட், தேர்," என்றாள். அவ்வளவுதான் அவளிடம் இருந்தது.

துரைசாணியின் சிரிப்புப் போய்விட்டது. புருஷனிடம் படபடவென்று கேட்டாள். துரை கிராணியைக் கேட்டான். கிராணி முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு நீளமாக ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்பதைப் பிற்பாடு ஐயாசாமிதான் லயத்தில் சொன்னார். அந்த ஓய்வு வேண்டாம், சீக்கிரம் வேலை முடித்துப் போகிறோம் என்று பெண்களே ஆபீசுக்கு வந்து கேட்டுக்கொண்டார்களே, துரைக்கு ஞாபகம் இல்லையா என்றாராம். துரை சிரித்து 'குட்' போட்டது அதற்குத்தான்.

பேச்சியம்மாளுக்கு அந்த இங்கிலீஷ் ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்குக் கேட்ட அதே நீளம், அதே செருமல். கிராணி நடுவில் மூச்சு விட்ட இடத்தில் உள்ளே புகுந்தாள்.

"நோ," என்றாள்.

கிராணி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடி "நோ" என்றாள். அவர் வாயைத் திறக்கிற போதெல்லாம் சொன்னாள். பெரிய துரை தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, துரையிடம் இரண்டே வார்த்தை சொல்லி வெளியே நடந்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தண்டவாளத் துண்டு ஒலித்தது. பெண்கள் உளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வெள்ளையம்மா ஓடும்போதே அழுதாளாம். ஆனால் பேச்சியம்மாள் அந்த ஓட்டத்தில் இல்லை. அன்று விடியற்காலைப் பெரட்டிலேயே மண்டோர் காளியப்பன் அவள் முகத்தைப் பாராமல் சொல்லிவிட்டான், இனி நீ பால் வெட்டுவது பதினேழாம் நம்பர் தீம்பாரில் என்று. அது தோட்டத்தின் கடைசி. சதுப்பு ஓரம், சீனன் அன்னாசிக் கொல்லைக்குப் பக்கம், அட்டையும் கொசுவும் உள்ள காடு. அங்கிருந்து ஆயாக் கொட்டகைக்கு அரை மணி நேர நடை. போய் வந்தால் பாதி நிரை வெட்டாமல் நிற்கும், அதைக் காட்டியே பேரை வெட்டலாம். துரை சொன்னபடி மணியும் அடித்தாயிற்று, கிராணி நினைத்ததும் நடந்தாயிற்று. வகுப்பும் அந்த வாரத்தோடு நின்றது.

முதல் நாள் மணிச் சத்தம் பதினேழாம் நம்பருக்கு மெல்லிசாக வந்து சேர்ந்தது. பேச்சியம்மாள் உளியை மரத்தில் குத்தி வைத்துவிட்டு நின்றாள். மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்து வயிறு வரை ஒழுகியது. ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு என் பிள்ளைக்கு இல்லை என்றால் நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று அந்த மரத்திடம் கத்தினாள். அன்று மத்தியானம் வீட்டில் நனைந்த ரவிக்கையை அர்ச்சுனன் எதிரிலேயே பிழிந்து கொடியில் போட்டாள்.

மறுநாள் நாலரை மணிக்கு அவள் கறுப்புக் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தபோது, அர்ச்சுனன் தன் பழைய வேட்டியை நாலாக மடித்து அவள் வாளிக்குள் வைத்தான். கொசுவுக்குப் புகை போடத் தேங்காய் மட்டை இரண்டையும் வைத்தான்.

"ரெண்டு மரத்துக்கு நடுவுல இறுக்கிக் கட்டு. தரையில போடாத, அட்ட ஏறும்," என்றான்.

தீம்பாருக்குள் பிள்ளையைக் கொண்டு போகக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அது அவனுக்கும் தெரியும்.

மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் நடந்தது. நாலாம் நாள் கிராணி காளியப்பனைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார். சதுப்புப் பாதையில் சைக்கிள் ஓடாமல் தள்ளிக்கொண்டு வந்ததில் வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால் வரை சேறு. இரண்டு கித்தா மரத்துக்கு நடுவே வேட்டி ஏணை தொங்கியது. மட்டை புகைந்தது. பேச்சியம்மாள் வேரில் உட்கார்ந்து மூர்த்தியை மார்பில் வைத்திருந்தாள்.

"என்னடி இது? ஆரைக் கேட்டுப் பிள்ளையைக் கொண்டந்தனி? எழும்பு. நேரம் வரமுந்தி என்ன இருக்கிறாய்? எழும்படி," என்றார் கிராணி.

ஸ்டோர் மணி இன்னும் கேட்கவில்லை. பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை, முந்தானையைக்கூட இழுத்து விடவில்லை. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். செல்வராணி செத்த நாளிலிருந்து சேர்த்து வைத்த அத்தனை ஆத்திரமும் குரலில் ஏறி, அந்தக் குரல் தானாகவே வாசலோர வரிசைக்குப் போய்விட்டது.

"வாட் டைம் இஸ் இட்?" என்றாள்.

இருபது வருஷத்துப் பழக்கம் என்பது லேசுப்பட்டதல்ல. கிராணியின் கை அவரைக் கேட்காமலே கோட்டுப் பைக்குள் போயிற்று. சங்கிலியை இழுத்தது. குதிகால் இரண்டும் சேர்ந்தன.

"இட் இஸ் நைன் ஓ கிளாக், சார்," என்றார்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்தது. காளியப்பன் மண்டோர் வேறு பக்கம் திரும்பி மரத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நோண்ட ஆரம்பித்தான். தூரத்தில் தண்டவாளத் துண்டை அடிக்கும் சத்தம் கேட்டது. நாளைக்கு அவள் பேரை வெட்டலாம், லயத்துச் சட்டி பானை வெளியே வரலாம், அதெல்லாம் நாளைக்கு. பேச்சியம்மாள் பிள்ளையை அந்த மார்பிலிருந்து எடுத்து இந்த மார்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.